புதிய பூஞ்சை ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கு நம் பெயரையே வைக்கலாமா?

வைக்கலாம், விதிகளில் தடை இல்லை. ஆனால் துறைக்குள் சிரிப்பார்கள்.

கேள்வி கேட்டவர், கொடைக்கானலில் மக்கிய சுள்ளி ஒன்றில் கறுப்பு வெல்வெட் மாதிரி எதையோ பார்த்ததாகவும், இணையத்தில் தேடியும் அதேபோல ஒன்று கிடைக்காததால் புதிய இனமாக இருக்குமோ என்றும் எழுதியிருக்கிறார். இருக்கலாம். பூமியில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கும் என்பது 2017இல் வந்த மதிப்பீடு. இதுவரை பெயர் வைத்திருப்பது ஒன்றரை லட்சத்துச் சொச்சம்தான். அதனால் புதியது கண்ணில் படுவது பெரிய விஷயமே இல்லை. அது பழையது இல்லை என்று காட்டுவதில்தான் ஆள் தேய்ந்துவிடுவான்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பழனி மலைச் சோலைகளில் சருகு பொறுக்கியவன். வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். கூட வந்த வாட்சர் அண்ணன் முதல் நாளே கேட்டார்: "ஏன் தம்பி, குப்பை பொறுக்கவா இம்புட்டு பேப்பர் எழுதிக் கொடுத்து பர்மிஷன் வாங்குனீங்க?" ஆமாம் அண்ணே, அதற்குத்தான்.

சருகையும் சுள்ளியையும் காகித உறையில் போட வேண்டும். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து, மலை இறங்குவதற்குள் பச்சைப் பூசணம் மூடிவிடும். ஆய்வகத்தில், ஈரமான ஃபில்டர் பேப்பர் விரித்த பெட்ரி தட்டில் வைத்து மூடிவிட்டு, வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கண்ட கண்ட பூசணமும் வரும். அவை அடங்கிய பிறகுதான் நமக்கு வேண்டியவை தலைகாட்டும், கறுப்பு முடி நுனியில் பனித்துளி ஒட்டியதுபோல. அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிகள் புகுந்து வித்துகளை (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை) மேய்ந்துவிடுவதும் உண்டு. என் இரண்டு மாத வேலை ஒருமுறை அப்படித்தான் போனது.

அந்த முடியை ஊசியால் எடுத்து, லாக்டிக் அமிலத் துளியில் வைத்து, கவர் ஸ்லிப் ஓரத்தில் நெயில் பாலிஷ் தடவி ஸ்லைடு செய்வோம். (ஆய்வகத்தில் அதிகம் செலவானது நெயில் பாலிஷ்தான்.) முப்பது வித்துகளையாவது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்போம். நிறம் என்ன, உள்ளே எத்தனை குறுக்குச் சுவர், எல்லாவற்றையும்விட, வித்து எப்படிப் பிறக்கிறது? காம்பின் நுனி ஊதிப் பெருத்து வித்தாகிறதா, குழாய்க்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளப்படுகிறதா? எந்தப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) தேட வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

அப்புறம் டிஎன்ஏ. ஐடிஎஸ் என்ற பகுதியைத்தான் 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளமாக ஏற்றுக்கொண்டார்கள். அதைத் தரவுத்தளத்தில் தேடி, ஒத்துப்போவது எதுவும் கிடைக்காவிட்டால் உடனே துள்ளக்கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியலாளர் சி. வி. சுப்பிரமணியனும் அவர் மாணவர்களும் எத்தனையோ பூஞ்சைகளை விவரித்த காலத்தில் இந்தச் சோதனையே கிடையாது. அப்படிப்பட்ட பழைய இனங்கள் பலவற்றுக்கு இன்றும் மிஞ்சியிருப்பது கோட்டோவியம், லத்தீன் விவரணை, ஹெர்பேரியத்தில் (உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில்) ஒரு காய்ந்த துண்டு, அவ்வளவுதான்.

நான் துள்ளினேன். பதினான்கு மாதம் கழித்து என் வழிகாட்டி ஒரு மங்கிய ஜெராக்ஸை மேசையில் வைத்தார். தென்னமெரிக்காவில் யாரோ ஒருவர், ஏதோ பனை மட்டையில் பார்த்த என் பூஞ்சையை, நான் பிறப்பதற்கு முன்பே அழகாக வரைந்து வைத்திருந்தார்.

இரண்டாவது பூஞ்சை தப்பியது, அதை யாரும் முன்பே விவரித்திருக்கவில்லை. அதற்கும் மூன்று வருடம் ஆனது. பூஞ்சை இருந்த சருகைக் காயவைத்து மூல மாதிரியாக (அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கான சான்றாக) ஒரு ஹெர்பேரியத்தில் ஒப்படைக்க வேண்டும். உயிரோடு வளரும் கல்ச்சரை மூல மாதிரி என்று காட்டினால் செல்லாது. 2013 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் போன்ற ஒரு பதிவகத்தில் எண் வாங்கி அதையும் கட்டுரையில் போட்டாக வேண்டும். விவரணை 2011 வரை லத்தீனில் கட்டாயம். இப்போது ஆங்கிலமும் போதும். தமிழில் மட்டும் எழுதினால் அந்தப் பெயர் செல்லாது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்கள் சுள்ளிக்கு வருகிறேன். அதன் வித்துகளைப் பார்க்காமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அனுமதி இல்லாமல் சோலையிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். ஆசை இருந்தால் உங்கள் வீட்டு மாமரத்துச் சருகிலேயே தொடங்கலாம்.

பெயருக்கு வாட்சர் அண்ணனைத்தான் முதலில் நினைத்தேன். ஆண் பெயரின் கடைசியில் லத்தீன் முறைப்படி ஒரு விகுதி சேர்த்தால் போதும். அவரிடமே கேட்டேன். "பூசணத்துக்கா என் பேரு? ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும் தம்பி" என்றார். மலையின் பெயரையே வைத்துவிட்டோம்.