நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் பீய்ச்சியும் தூசு ஏன் அடங்குவதில்லை?

புழுதித் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டினால் தூசு கிளம்பாது, அப்படியிருக்க சுரங்கத்தில் அவ்வளவு தண்ணீர் பீய்ச்சியும் நுரையீரல் நோய் ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல உதாரணம். ஆனால் தரையில் முதலில் தெளித்துவிட்டு அப்புறம்தான் கூட்டுகிறோம். கிளம்பிவிட்ட புழுதியின் மேல் தெளித்தால் பாதிகூட அடங்காது.

சில வருடங்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தண்ணீர் பட்டதும் கண்ணுக்குத் தெரியும் கரும்புகை போன்ற தூசு இறங்கிவிடும். ஆளைக் கொல்வது அதுவல்ல. நுரையீரலின் அடிவரை போகும் துகள் 5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈயை உள்ளங்கையால் அடிக்கப் போனால், கை தள்ளும் காற்றே ஈயை ஒதுக்கிவிடும் அல்லவா? பெரிய நீர்த்துளிக்கு முன்னால் இந்தத் துகளும் அப்படித்தான் நழுவும். துளி சிறிதாக இருந்தால் பிடிபட வாய்ப்பு அதிகம்.

சரி, பம்ப் அழுத்தத்தைக் கூட்டினால் துளி சிறிதாகுமே என்று நானும் ஒருமுறை கூட்டினேன். எங்களிடம் இருந்தது கன்டினியுவஸ் மைனர். உருளையில் பதித்த பற்களால் நிலக்கரியைச் சுரண்டும் இயந்திரம். அரைமணி நேரத்தில் ரிமோட் பிடித்திருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார், கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. "தம்பி, தூசெல்லாம் என் மேலதான் வருது" என்றார். வேகமாகப் பாயும் தண்ணீர் காற்றையும் சேர்த்துத் தள்ளுகிறது. அந்தக் காற்று நிலக்கரிச் சுவரில் மோதி, தூசோடு இயந்திரத்தின் மேல் வழியாகத் திரும்பி வருகிறது. இந்த வகை இயந்திரத்தில் மேல்பக்க நாசில்களில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைகளில், அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான். எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

ஆகவே தூசைத் துரத்திப் பிடிப்பதைவிட, பல் கடிக்கும் இடத்திலேயே நிலக்கரியை நனைப்பதுதான் பலன் தரும். ஒவ்வொரு பல்லுக்குப் பின்னாலும் நாசில் வைத்த உருளைகள் இதற்கென்றே உண்டு. இன்னொரு தொல்லை, நிலக்கரியில் தண்ணீர் எளிதில் ஒட்டாது; சேம்பிலையில் விட்ட மாதிரி உருண்டோடும். சோப்பு போன்ற ஒரு திரவத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். அதற்காக அளவில்லாமல் ஊற்றவும் முடியாது. தரை சேறாகும், கரி ஈரமானால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

காற்றோட்டம் சரியில்லை என்றால் இவ்வளவும் வீண், அது தனிக் கதை. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டிலிருந்து நுரையீரலுக்குள் போகும் இந்த நுண்தூசுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு முன் 2.

நடைமுறையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது அடைத்துக்கொண்ட நாசில்கள். குழாய்த் துருவும் கரித்தூளும் போய் அடைக்கும். கம்பியால் குத்தினால் துளை அகன்று, விசிறியாகப் பாய வேண்டிய தண்ணீர் ஒற்றைத் தாரையாக ஒழுகும். ஷிஃப்டுக்கு இறங்கும்போது பாக்கெட்டில் நாலைந்து புது நாசில் போட்டுக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது ஒன்றும் மிஞ்சியதில்லை.