தோற்பதற்கென்றே ஏலம் கேட்பவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: இணைய ஏலத்தில் பழைய நாணயம் ஒன்றுக்கு அதிகபட்சம் 500 என்று போட்டு வைத்தேன்; யாராவது முந்த வந்தால் அதுவரை தளமே எனக்காக ஏற்றும். 495க்கு முடிந்தது. போட்டிக்கு வந்தவர் 310, 340, 370 என்று இரண்டே நிமிடத்தில் ஏறி, 490இல் நின்றுவிட்டார். இது செட்டப்பா?

பதில்: சந்தேகப்பட வேண்டிய வரிசைதான். ஆனால் ஏலத்துக்குப் புதியவர்களும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அவர் எப்போது கேட்டார் என்று பாருங்கள். விலையை ஏற்றிவிட விற்பவரே வைத்த ஆள் என்றால், அவருக்குப் பொருள் தேவையில்லை, இரண்டாம் இடம்தான் தேவை. கடைசி நொடியில் கேட்டால் பொருள் அவர் தலையிலேயே விழுந்துவிடும் என்பதால், ஏலம் முடிய வெகுநேரம் முன்பே ஏற்றிவிட்டு ஒதுங்குவார்.

கேள்வி: ஈபே ஏலத் தளத்தில் ஏலம் கேட்டவரின் பெயரை நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுகிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, நடத்தை தெரிகிறது. ஏல விவரத்தில் அந்த மறைத்த பெயரைத் தட்டினால் கடந்த 30 நாள் கணக்கு வரும்: எத்தனை முறை கேட்டார், எத்தனை பொருளுக்கு, அதில் இந்த விற்பனையாளரிடம் எத்தனை சதவீதம், எத்தனை முறை பின்வாங்கினார். 100 சதவீதம் என்று பார்த்ததும் குதிக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட நாட்டு அஞ்சல்தலையை ஒரே ஒருவர்தான் ஒழுங்காக விற்கிறார் என்றால், நானும் மாதம் முழுக்க அவரிடமேதான் கேட்பேன். அதே விற்பனையாளரின் முடிந்த ஏலங்களைப் பத்துப் பதினைந்து திறந்து பாருங்கள். ஒரே ஆள் எல்லாவற்றிலும் கேட்டு, எதிலுமே ஜெயிக்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆசைப்பட்டு வருகிறவர் எப்போதாவது ஒன்றையாவது தட்டிச் செல்வார், இல்லையா?

கேள்வி: ஒருவர் திடீரென்று பெரிய தொகை போட்டு என்னை முந்தினார், பிறகு 'தவறுதலாகப் போட்டேன்' என்று திரும்பப் பெற்றார். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முந்திய கணத்திலேயே உங்கள் அதிகபட்சம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. பின்வாங்கிவிட்டு அதற்குச் சற்றுக் கீழே மறுபடி கேட்டார் என்றால், ஆழம் பார்க்கத்தான் வந்திருக்கிறார். பொருள் எண்ணோடு தளத்தில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: விற்பனையாளருக்கு 1,200 ஃபீட்பேக், எல்லாம் நல்லவை. நம்பலாம்தானே?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், எதை விற்று வாங்கியவை என்று பாருங்கள். முக்கால்வாசி அற்ப விலைச் சாமான்கள், அதுவும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாசகத்தோடு வந்தவை, இப்போது திடீரென்று அரிய தங்க நாணயமா? நான் கிட்டவே போகமாட்டேன். ரொம்ப நாள் தூங்கிக் கிடந்த கணக்கு எழுந்து வந்து விலை உயர்ந்ததை விற்றால், கணக்கே களவு போயிருக்கலாம். இன்னொன்று: ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான ஃபீட்பேக் தர முடியாது. ஆகவே உங்களோடு போட்டி போட்டவரின் பக்கம் பளிச்சென்று இருப்பதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: நான் தோற்ற ஏலம் ஒன்றின் விற்பனையாளரிடமிருந்து 'ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட தொகைக்கே தருகிறேன்' என்று வந்திருக்கிறது.

பதில்: காணாமல் போன அந்த ஆளின் கேட்புகளை அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அவர் இல்லாமல் 320இல் முடிந்திருக்கும் என்றால் 320தான் விலை. அதற்குத் தராவிட்டால் வேண்டாம். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் பேச்சையே நிறுத்துங்கள்.

கேள்வி: பெரிய ஏல நிறுவனங்களில் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா?

பதில்: அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளின் ஏலத்தில் பெரும்புள்ளியாக இருந்த பில் மாஸ்ட்ரோ, போலி ஏலத்தால் விலை ஏற்றிய வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்றின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்ற அட்டை அது!

கேள்வி: அப்படியானால் எப்படித்தான் கேட்பது?

பதில்: உங்கள் உச்சத் தொகையைத் தாளில் எழுதிவைத்து, ஏலம் முடியக் கடைசிச் சில நொடிகளில் ஒரே முறை போடுங்கள். ஏற்றிவிட அவருக்கு நேரம் இருக்காது. யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும் தளங்களில் மட்டும் இது செல்லாது. அங்கே தாளில் எழுதியதைத் தாண்டாமல் இருப்பதுதான் ஒரே வழி.