தோட்டத்து வரலாற்றை எங்கே தேடுவது? மலையக வழிகாட்டிகளின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன், எல்ல, கண்டிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகும் தம்பி தங்கச்சிமார் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, எங்கள் தோட்டத்துப் பழைய விவரம் இணையத்தில் கிடைக்குமா? (டிக்கோயா)

கிடைக்கும் தம்பி. அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களைப் பட்டியலிட்டு வெளிவந்த பெர்குசன் டிரெக்டரியில் தொடங்குங்கள். பழைய தொகுதிகள் சில இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரை (தோட்டத்தை நடத்திய அதிகாரி) யார் எல்லாம் அதில் வரும். 1870களின் தொகுதி ஒன்றையும் 1890களின் தொகுதி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்த கதை ஏக்கர் கணக்கிலேயே தெரியும். ஒரே தோட்டத்தின் பெயரை ஆண்டுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். தேடிக் கிடைக்காவிட்டால் விட்டுவிடாமல், மாவட்டப் பகுதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

பார்த்தேன் அண்ணே. துரைமார் பெயர்தான் இருக்கிறது, நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லையே?

இருக்கமாட்டார்கள். அது துரைமாருக்காகப் போட்ட புத்தகம். நம் கைடுகள் பலர் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்துக்குப் போனால், ஸ்கொட்லாந்துத் துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று சொல்கிறோம். சரியான தகவல்தான். அந்த மலையை வெட்டித் துப்புரவாக்கிக் கன்று நட்டவர்கள் யார் என்று வெள்ளைக்காரர் கேட்டால் வாயடைத்து நிற்கக்கூடாது.

அதற்கு நூலகம் தளத்துக்குப் போங்கள். 2005இலிருந்து இயங்கும் நம்முடைய எண்ணிம நூலகம் அது. மலையக நூல்கள், சஞ்சிகைகள், சிறப்பு மலர்கள், பழைய பத்திரிகைகள் நிறைய உண்டு. பக்கங்கள் ஸ்கேன் படங்களாக இருப்பதால் உள்ளே இருக்கும் வரிகள் கூகிளில் அகப்படுவது குறைவு. ஆனால் பல சஞ்சிகைகளின் பொருளடக்கத்தை அந்தந்தப் பக்கத்திலேயே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், அதை வாசியுங்கள். 'முல்லோயா' என்று தேடிப் பாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் உயிரிழந்தார். ஹேவாஹெட்டைப் பக்கம் போகும் ஒவ்வொரு கைடும் சொல்ல வேண்டிய பெயர் அது.

ஒன்பது வளைவுப் பாலக் கதையைச் சொல்லலாமா? உலகப் போரில் இரும்பு கிடைக்காமல் ஊர்க்காரர் ஒருவரே கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டினார் என்கிறார்களே. (எல்ல)

'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று சொல்லுங்கள் தங்கச்சி, நடந்ததாகச் சொல்லவேண்டாம். இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1923இல் இந்தப் பாலத்தைப் பற்றி வரைபடங்களோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே 'கொங்கிரீட் ரயில் பாலம்' என்கிறது. விருந்தினர்களில் ஒரு இன்ஜினியர் இருந்தால் கைகொடுப்பது அந்த அறிக்கைதான்.

புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைக் காட்டுகிறேன். அவர் எடுத்த படங்களை ஃபோனில் காட்டலாமா? (பொகவந்தலாவை)

தாராளமாக. 1879இல் காலமான அவர் அங்கே சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் அடக்கம். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத் தளத்தில் அவருடைய படங்கள் பலவற்றை நல்ல தரத்தில் இலவசமாக இறக்கலாம். ஆனால் படத்தின் கீழே உள்ள குறிப்பை வாசித்துவிட்டுக் காட்டுங்கள். ஒன்றில் களுத்துறைக் குடியானவர்கள் என்றே இருக்கிறது. அதைக் காட்டி 'எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்காரர்கள்' என்று சொன்னால், பெயர் தெரியாத அந்த மனிதர்களிடமிருந்து அவர்கள் ஊரையும் பறித்துவிடுவோம்.

பழைய பத்திரிகை பார்க்கக் காசு கேட்கிறார்களே அண்ணே?

பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவின் டுரோவ் தளத்துக்குக் காசு தேவையில்லை. கப்பல்கள் கொழும்பு வழியாகப் போன காலம் என்பதால் இலங்கைக் கோப்பி, தேயிலைச் செய்திகள் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. 'சிலோன்' என்பதோடு உங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்து, ஆண்டையும் குறுக்கித் தேடுங்கள்.