விண்ணப்பக் கட்டுரையை ஆலோசகர் எழுதிக் கொடுக்கலாமா?

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் உங்கள் தங்கையின் கட்டுரையை, கட்டணம் பெற்ற ஆலோசகர் போர்க்கதையாக முழுவதும் மாற்றி எழுதிவிட்டார், அதை அப்படியே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளியிலேயே தங்கியிருப்பதால், தன்னைப் பற்றி எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே உதவி தேடுவது குற்றமன்று. பிழை திருத்தலாம், விளங்காத இடத்தைச் சுட்டிக் கேட்கலாம். ஆனால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் வழியாக அனுப்பும், 650 சொற்களுக்கு மேற்படாத அக்கட்டுரை தன் சொந்த ஆக்கம் என்று மாணவரே உறுதியளிக்க வேண்டும். பொய்யென்று பின்னர் தெரியவந்தால் கிடைத்த அனுமதியும் பறிபோகலாம்.

வன்னிப் பிள்ளை என்றவுடன் போரைப் பற்றி எழுதச் சொல்வது என்னை மிகவும் வருத்துகிறது. போர் முடிந்த 2009இல் சிறு குழந்தையாக இருந்தவர், தாய் சொல்லக் கேட்டதைத் தன் நினைவுபோல எழுதுவது இறந்தவர்களுக்கும் நியாயமன்று. சிறுபோகத்தில் இரணைமடு வாய்க்கால் நீர் தங்கள் வயலுக்கு வரும் முறைக்காகத் தகப்பனுடன் இரவில் வரம்பில் காத்திருந்ததை அவர் முதல் வரைவில் எழுதியிருந்தார் என்கிறீர்கள். சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் அதை வேறெவரும் எழுதியிருக்க முடியாது. அந்த வரைவையே எடுத்து, அவரையே திருத்தச் சொல்லுங்கள்.