ஊர்க் கேள்வியோடு ஆய்வகத்துக்குப் போங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்களைச் சுற்றிக் கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. உள்ளே என்ன ஆராய்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. விஞ்ஞானிகளைப் பேட்டி எடுத்து ஆடியோவாக ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டு ஒரு பேட்டி எடுத்தேன். நாற்பது நிமிடம் வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை. எங்கே தவறினேன்? நல்ல மைக் வாங்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

மைக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். அந்தப் பேட்டியில் நீங்கள் கேட்ட முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள். "சார், உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதாகத்தான் இருந்திருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் தொடங்குகிறோம். உடனே விஞ்ஞானி தன் ஆய்வுக் கட்டுரையின் வரிசையில் பேச ஆரம்பிப்பார்: நோக்கம், முறை, முடிவு. கூட வேலை செய்யும் விஞ்ஞானிகளுக்கு அந்த வரிசை சரி. வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போனைக் காதில் வைத்திருப்பவருக்கு, அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று தெரிய இருபது நிமிடம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

அதனால் வேலையை வேறு முனையிலிருந்து தொடங்குங்கள். முதல் ஒலிப்பதிவு ஆய்வகத்தில் வேண்டாம், கரையில் நடக்கட்டும்.

உங்கள் பகுதியிலிருந்தே ஓர் உதாரணம். மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கும் பெண்களிடம் போய் உட்காருங்கள். விஞ்ஞானிகள் 'கப்பாபைகஸ் அல்வரேசி' என்று சொல்வதை அவர்கள் 'பெப்சி பாசி' என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் இங்கே இதை ஒப்பந்த முறையில் வளர்க்கச் சொன்னதால் நிலைத்துப்போன பெயர் அது. நாற்பத்தைந்து நாளில் அறுவடைக்கு வர வேண்டிய பாசி சில பருவங்களில் பாதியிலேயே வெளுத்து ஒடிந்து போகும். ஓர் அக்கா இப்படிக் கேட்கக்கூடும்: "போன தடவை கட்டுன நாத்து நல்லா வந்துச்சு. இந்தத் தடவை ஏன் வெள்ளை வெள்ளையா ஒடியுது? தண்ணியிலதான் ஏதும் கோளாறா?" இதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். இருபது விநாடி போதும். பிறகு அந்தப் பதிவோடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், விஞ்ஞானி முன்னால் போனை வைத்துப் போட்டுக்காட்டி, "இந்த அக்காவுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.

அந்த நொடியில் விஞ்ஞானியின் பேச்சு மாறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதுவரை மாநாட்டு மேடையில் நிற்பதுபோலப் பேசியவர், தெரிந்த ஒருவருக்குப் பதில் சொல்வதுபோலப் பேசத் தொடங்குவார். தண்ணீர் அதிகம் சூடாவது, மழைநீர் கலந்து உப்பு குறைவது மாதிரியான நெருக்கடிகளில் பாசி தளர்ந்துபோகிறது. தளர்ந்த தண்டில் பாக்டீரியா ஏறுகிறது. தண்டு வெளுத்து ஒடிகிறது. உலகம் முழுக்க இந்தப் பாசி வளர்ப்பவர்கள் 'ஐஸ்-ஐஸ்' என்று சொல்லும் நோய் இதுதான் என்று விளக்குவார். கூடவே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நீங்கள் கேட்டால் வெப்பமானியைப் பற்றியும், மாதிரி எடுக்க விடியற்காலையில் படகில் போனதைப் பற்றியும் சொல்வார். ஆராய்ச்சி முறை முழுவதும் வந்துவிட்டது, ஆனால் கேட்பவருக்கு அது பாடமாகத் தெரியாது. உங்கள் பேட்டிக்கு இந்த ஒரு மாற்றம் போதும் என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் மண்ணில் ஒலி வழியாக ஆராய்ச்சி பரவியதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் தஞ்சைப் பகுதியில் பரவியதில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயலில் நிற்பவருக்கு அன்றைக்கு வேண்டியதை அவருடைய பேச்சில் சொன்னதால் நடந்தது அது.

மொழிக்கு வருகிறேன். விஞ்ஞானிகளுக்குத் தமிழ் தெரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பலருக்கு நன்றாகவே தெரியும். தங்கள் துறையைத் தமிழில் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மைக்கைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் சும்மா பேசி, ஊரில் புழங்கும் சொற்களை அவரிடம் கொடுங்கள். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பாசி எடுக்கும் பெண்கள் சொல்வதற்கெல்லாம் அறிவியல் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பெயர்களைக் கேட்டால் அவருக்கே உற்சாகம் வந்துவிடும். கடற்பசுவை உங்கள் ஊரில் 'ஆவுளியா' என்பார்கள் என்றால் பேட்டியிலும் அது ஆவுளியாவாகவே இருக்கட்டும். அதே சமயம், எல்லாவற்றையும் தூய தமிழாக்கப் பார்க்காதீர்கள். பாக்டீரியாவை 'நுண்ணுயிரி' என்று மாற்றிப் புதுச் சிக்கலை உண்டாக்க வேண்டாம். ஊர் எதைச் சொல்கிறதோ அதுதான் சரியான சொல்.

எண்களை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அச்சில் எண்ணைத் திரும்பிப் பார்க்கலாம், காதில் விழுந்த எண் போனால் போனதுதான். 'உவர்ப்பு 35 பிபிடி' என்றால் யாருக்கும் ஒன்றும் பதியாது. 'ஒரு லிட்டர் கடல் தண்ணீரை வற்றக் காய்ச்சினால் ஆறேழு டீஸ்பூன் உப்பு கிடைக்கும், அந்த அளவு' என்றால் பதியும். ஒரு பேட்டிக்கு இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம்.

ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு விஞ்ஞானி, "இந்த ஒரு தீவுப் பக்கம், இந்த ஒரு கோடையில் நாங்கள் பார்த்தது இது" என்று தொடங்கி ஒரு முடிவைச் சொன்னார். நேரம் மிச்சம் பிடிக்க அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டேன். முடிவு மட்டும் தனியாகப் போனதும், கடல் முழுக்க அப்படித்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவர் மனம் நொந்து போனார், மறுபடி ஒலிபரப்பித் திருத்தினோம். ஆனாலும் அந்த நிலையத்தில் இன்னொருவர் என்னை நம்பிப் பேசப் பல மாதம் ஆனது. 'சில இடங்களில்', 'இதுவரை பார்த்ததில்', 'இன்னும் உறுதியாகத் தெரியவில்லை' போன்ற சொற்களைத் தயக்கம் என்று நினைத்து வெட்டத் தோன்றும். விஷயமே அவற்றில்தான் இருக்கிறது. கதையை வெட்டுங்கள், இவற்றை வெட்டாதீர்கள்.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தால்? அதையும் மறைக்காமல் கொண்டுவாருங்கள். பெப்சி பாசி விஷயத்திலேயே இருக்கிறது. வேறு நாட்டுக் கடலிலிருந்து வந்த இனம் இது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதாக மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். கட்டுக்குள் வைத்து வளர்த்தால் ஆபத்தில்லை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், உங்கள் மாவட்டத்து வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. எத்தனையோ குடும்பங்களின் வருமானம் இதில் இருக்கிறது. ஒரே பேட்டியில் இருவரையும் மோதவிடாதீர்கள், சத்தம்தான் மிஞ்சும். ஒரே ஊர்க் கேள்வியைத் தனித்தனியாக இருவரிடமும் கேட்டு அடுத்தடுத்த வாரம் போடுங்கள். "எதைப் பார்த்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று இருவரிடமும் கேளுங்கள். அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் மாணவர்களுக்கு இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

அடுத்தது, கேள்வி தருகிற ஊர்க்காரரின் பாதுகாப்பு. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆவுளியாவைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் ஆர்வம். ஒரு மீனவர் பேச்சுவாக்கில், "எங்க வலையில ஒண்ணு மாட்டிச் செத்துப் போச்சு" என்று சொல்லிவிடலாம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அது சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள விலங்கு. உங்கள் ஆடியோ நாலு குழுவுக்குப் போனால் அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் குரலை ஊரே கண்டுபிடித்துவிடும். 2001 முதல் பிடிக்கத் தடையிலுள்ள கடல் அட்டையைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். அதனால் பதிவுக்கு முன்பே எங்கெல்லாம் இது போகும் என்று சொல்லுங்கள். முடிந்ததும் போட்டுக்காட்டி இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னால் அழித்துவிடுங்கள். அந்தக் கேள்வியை உங்கள் குரலில் பொதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆவுளியா மேயும் இடம், பவளப்பாறை மாதிரி எடுத்த இடம் போன்றவற்றைத் துல்லியமாகச் சொல்லவும் வேண்டாம்.

அனுமதி விஷயம் எளிது. அரசு நிலையம் என்றால் அதன் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், எந்தக் கேள்வி, எத்தனை நிமிடம், எங்கே போடப் போகிறீர்கள். தகவல் பிழை இருந்தால் திருத்த, வெளியிடும் முன் அனுப்புவோம் என்றும் சேருங்கள். பேச்சை அழகுபடுத்த இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இன்னும் கட்டுரையாக வெளிவராத முடிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் அது வெளிவரும்வரை பொறுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைத்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முனைவர் பட்ட மாணவர்கள், திட்ட உதவியாளர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். அவர்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார். அவர் சொல்லும் இரண்டு வரி பேட்டிக்கு உயிர் கொடுக்கும்.

சரி, கருவி. உங்கள் போன் போதும். கூட ஒரு சாதாரணக் காலர் மைக் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இப்போது செலவழிக்க வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். காலர் மைக் இல்லையென்றால் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் சோதித்துக் கேளுங்கள். ஆய்வகத்தில் ஏசியும் மீன் தொட்டி மோட்டாரும் உறுமும். நூலக அறையோ, மரத்தடியில் கதவைச் சாத்திய காரோ மேல். பேச்சு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் ஓசையை அரை நிமிடம் தனியாகப் பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட உதவும்.

உங்கள் பக்கத்தில் உண்மையான எதிரி காற்று. மைக்கில் காற்று அடித்த பதிவை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உங்களுக்கு மட்டும் இருக்கிறது: மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் பதிவே வேண்டாம், வடகடல் கரைக்குப் போங்கள். வடகிழக்கிலிருந்து வாடை வந்துவிட்டால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிறவர்கள் செய்வதும் இதுதான், எந்தக் கரை அமைதி என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். நாற்பது நிமிடப் பேச்சை எட்டு நிமிடமாக்குங்கள். மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் எட்டு நிமிடம் 4 எம்பிக்குள் அடங்கும், சிக்னல் குறைந்த இடத்திலும் இறங்கிவிடும். தொடக்க இசை, வணக்கம், விஞ்ஞானியின் பட்டங்கள் எதுவும் முன்னால் வேண்டாம். அந்த அக்காவின் கேள்வியே முதல் ஒலியாக இருக்கட்டும். தெரிந்த குரல் கேட்டால் ஊர் நின்று கேட்கும்.

வாட்ஸ்அப் மட்டும் போதாது. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4 பண்பலை இயங்குகிறது. இரண்டு மூன்று பேட்டி தயாரானதும் அவர்களிடம் பேசிப்பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். வலை சீரமைக்கும் கொட்டகையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் முன்னால், அந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவிடம் பேட்டியைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டுங்கள். "சூடுதான் காரணம்னா, எந்த மாசம் நாத்துக் கட்டுறதுன்னு சொல்லலையே?" என்று அவர் கேட்கலாம். போனை அணைக்காமல் அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பேட்டிக்கு அதோடு போகலாம்.