வாஷிங்டன் முதல் மேடிசன் வரை: அமெரிக்க வெளியுறவு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1778இல் பிரான்ஸ் கைகொடுத்ததால்தான் அமெரிக்காவுக்கு விடுதலை கிடைத்தது. 1793இல் பிரான்ஸ் பிரிட்டனோடு போரில் இறங்கியபோது அதிபர் வாஷிங்டன் ஒதுங்கி நின்றது நன்றிகெட்ட செயல் இல்லையா?

பதில்: அப்போது பலரும் அப்படித்தான் ஏசினார்கள். ஆனால் ஒப்பந்த வாசகத்தைப் பாருங்கள். 1778 கூட்டணி ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில், கரீபியத் தீவுகள் உள்ளிட்ட பிரான்ஸின் அமெரிக்க உடைமைகளுக்கு அமெரிக்கா உத்தரவாதம் தந்திருந்தது. 1793இல் பிரான்ஸ் அதைக் கேட்கவே இல்லை. கடற்படையே இல்லாத கூட்டாளி போரில் குதித்து என்ன பயன்? நடுநிலைக் கொடியோடு கோதுமை மாவு ஏற்றிவரும் அமெரிக்கக் கப்பல்கள்தான் பாரிசுக்குத் தேவைப்பட்டன.

தகராறு வந்தது இன்னொரு ஒப்பந்தத்தால், அதாவது வணிக ஒப்பந்தத்தால். அதன் 22ஆம் பிரிவு, பிரான்ஸின் எதிரிகள் அமெரிக்கத் துறைமுகங்களில் தனியார் போர்க்கப்பல்களை ஆயத்தம் செய்யக் கூடாது என்கிறது. 'எதிரிக்கு இல்லை என்றால் எங்களுக்கு உண்டு என்றுதானே பொருள்' என்று பிரெஞ்சுத் தூதர் ஜெனே வாதாடினார். சார்ல்ஸ்டனில் இறங்கியதுமே, பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க உரிமங்களை வழங்கத் தொடங்கிவிட்டார். ஒருவருக்கு மறுத்தது மற்றவருக்கு அனுமதி ஆகாது என்பது அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சனின் பதில். சட்டப்படி அவர் சொன்னது சரி.

கேள்வி: பிரான்ஸ்-பிரிட்டன் போரில் அமெரிக்கா ஒதுங்கி நிற்கும் என்று வாஷிங்டன் வெளியிட்ட 1793 ஏப்ரல் 22 பிரகடனம் சட்டம்போலச் செல்லுபடியானதா?

பதில்: இல்லை. அதில் 'நடுநிலை' என்ற சொல்லே கிடையாது. பிரெஞ்சுக் கப்பலில் சேர்ந்த கிடியன் ஹென்ஃபீல்டு என்ற அமெரிக்கர்மீது வழக்குப் போட்டார்கள், ஜூரி விடுவித்துவிட்டது. வாஷிங்டன் அரசு 29 கேள்விகளை எழுதி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. வழக்கு இல்லாமல் ஆலோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை என்று நீதிபதிகள் மறுத்தார்கள். அந்த மரபு இன்றும் தொடர்கிறது. கடைசியில் 1794 ஜூனில் காங்கிரஸ் இயற்றிய நடுநிலைச் சட்டம்தான் ஓட்டையை அடைத்தது.

கேள்வி: சார், வாஷிங்டனின் தூதர் ஜான் ஜே 1794இல் பிரிட்டனோடு செய்த ஜே ஒப்பந்தத்தைப் படித்தால் முழுக்க பிரிட்டனுக்குச் சாதகமாக இருக்கிறது. வாஷிங்டன் ஏன் கையெழுத்திட்டார்?

பதில்: கஜானாவைப் பாருங்கள், விடை கிடைக்கும். மத்திய அரசின் வருமானத்தில் மிகப் பெரும்பங்கு இறக்குமதிச் சுங்கம். இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சரக்கு. அந்தச் சுங்கத்திலிருந்துதான் நிதிச் செயலர் ஹாமில்டன் விடுதலைப் போர்க் கடனுக்கு வட்டி கட்டினார். பிரிட்டனோடு போர் மூண்டால் முதல் பீரங்கி முழங்குமுன் அரசு திவாலாகும். நிலைமையோ போர் விளிம்பில் இருந்தது: 1793 நவம்பர் ஆணையின்படி பிரிட்டன் கரீபியக் கடலில் 250க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்திருந்தது.

ஒப்பந்தத்தில் உருப்படியாகக் கிடைத்தவை இரண்டு. 1783லிருந்தே காலி செய்யாமல் வைத்திருந்த டெட்ராய்ட், நயாகரா முதலிய கோட்டைகளை பிரிட்டன் 1796இல் விட்டுப் போனது. பிடித்த கப்பல்களுக்கு நடுவர் குழு வழியாக 1 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வந்தது. மோசமான பகுதி 12ஆம் பிரிவு. பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்கள் மட்டுமே போகலாம். பதிலுக்கு அமெரிக்கக் கப்பல்கள் சர்க்கரை, காபி, கோகோ, பருத்தி எதையும் வெளிநாட்டுக்கு ஏற்றிச் செல்லக் கூடாது. பருத்தியைப் பற்றி ஜே யோசிக்கவே இல்லை என்பது என் எண்ணம். செனட் அந்தப் பிரிவை நிறுத்திவைத்து, 20-10 என்று ஒப்புதல் தந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குகூட உபரி இல்லை.

கேள்வி: செனட் ஏற்றபின் பிரதிநிதிகள் சபை எதற்குத் தலையிட்டது?

பதில்: நடுவர் குழுக்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்; பணப்பை அந்தச் சபையிடம். ஜேவுக்குத் தந்த அறிவுறுத்தல்களைக் காட்டுங்கள் என்று 62-37 வாக்கில் கேட்டார்கள். வாஷிங்டன் மறுத்தார்: ஒப்பந்தம் செய்வது அதிபரும் செனட்டும் மட்டுமே. பின்னர் 1796 ஏப்ரல் 30இல் 51-48 என்று பண ஒதுக்கீடு நிறைவேறியது. இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் கவிழ்ந்திருக்கும்.

கேள்வி: இந்த ஒப்பந்தத்துக்கும் நம்ம சென்னைக்கும் தொடர்பு உண்டென்கிறார்களே?

பதில்: உண்டு. 13ஆம் பிரிவின்படி, இந்தியாவில் பிரிட்டனிடம் இருந்த துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வியாபாரம் செய்யலாம். சரக்கை நேரே அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மதராசும் அதில் அடக்கம். 1792இல் வாஷிங்டன் நியமித்த பெஞ்சமின் ஜாய் கல்கத்தா வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தூதராக ஏற்காமல் வணிக முகவராக மட்டும் இருக்க விட்டது.

கேள்வி: ஜெஃபர்சன் அதிபராக இருந்தபோது, 1803இல் பிரான்ஸிடமிருந்து வாங்கிய லூயிசியானா நிலப்பரப்புக்கு 1.5 கோடி டாலர் ரொக்கமாகவா கொடுத்தார்கள்?

பதில்: இல்லை. 1.125 கோடிக்கு 6 சதவீத வட்டிக் கடன் பத்திரங்கள். மீதி 37.5 லட்சம், பிரான்ஸ் அமெரிக்க வணிகர்களுக்குத் தரவேண்டிய பாக்கியை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. நெப்போலியனுக்குப் போர்ச் செலவுக்கு உடனே காசு வேண்டும். லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனங்கள் பத்திரங்களைத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டன. பிரிட்டனோடு சண்டை போட ஒரு பிரிட்டிஷ் வங்கி பணம் புரட்டிக் கொடுத்த கதை இது.

பேரம் பேசிய அமெரிக்கத் தூதர்கள் லிவிங்ஸ்டனும் மன்றோவும் நியூ ஆர்லியன்ஸையும் ஃபுளோரிடாக்களையும் வாங்கத்தான் அதிகாரம் பெற்றிருந்தார்கள். நிலம் வாங்க அரசியலமைப்பில் இடமில்லையே என்று ஜெஃபர்சனே கவலைப்பட்டுத் திருத்தம்கூட எழுதினார். ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரக் கெடு 1803 அக்டோபர் 30. நெப்போலியன் மனம் மாறுகிறார் என்று பாரிசிலிருந்து கடிதங்கள். திருத்தத்தை மூட்டைகட்டி வைத்தார். செனட் 24-7 என்று ஒப்புதல் தந்தது.

கேள்வி: பிரிட்டனையும் பிரான்ஸையும் பணியவைக்க ஜெஃபர்சன் கொண்டுவந்த 1807 ஏற்றுமதித் தடை ஏன் படுதோல்வி? பிரிட்டனுக்கு வலித்திருக்க வேண்டுமே?

பதில்: வலித்தது உள்ளூருக்கு. ஏற்றுமதி 1807இல் 10.8 கோடி டாலர், 1808இல் 2.2 கோடி. பிரிட்டிஷ் வணிகர்களுக்கோ அதே ஆண்டு பிரேசில் சந்தை திறந்தது.

ஓட்டைகள் வரிசையாக வந்தன. உள்நாட்டுக் கரையோரக் கப்பல்கள் 'புயல் தள்ளிவிட்டது' என்று கரீபியத் தீவுகளில் போய் நின்றன. மாவு பற்றாக்குறை என்றால் ஆளுநர் அனுமதிச் சீட்டு தரலாம் என்ற விதியை வைத்து, மாசசூசெட்ஸ் ஆளுநர் தாராளமாகச் சீட்டு வழங்கினார். சாம்ப்ளேன் ஏரி வழியே மரத் தெப்பங்கள் கனடாவுக்குப் போயின. 1808 ஏப்ரலில் ஜெஃபர்சன் அங்கே கிளர்ச்சி என்றே பிரகடனம் செய்ய வேண்டியதாயிற்று. சின்ன அரசு வேண்டும் என்று ஆட்சிக்கு வந்தவர், ஒவ்வொரு மீன்பிடிப் படகையும் சோதிக்கும் நிலைக்கு வந்தார். 1809 மார்ச்சில், பதவி முடிய மூன்று நாள் இருக்கையில், ரத்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

கேள்வி: தந்தி இருந்திருந்தால் பிரிட்டனோடு 1812 போர் வந்தே இருக்காது என்பது சரிதானா அண்ணா?

பதில்: பாதிதான் சரி. காங்கிரஸ் பிரதிநிதிகள் சபையில் 79-49, செனட்டில் 19-13 என்று வாக்களித்து ஜூன் 18இல் போர் அறிவித்தது. அமெரிக்கக் கப்பல்களைத் தடுத்த ஆணைகளை லண்டன் ஜூன் 23இல் நீக்கியது. அட்லாண்டிக்கைக் கடந்து செய்தி வர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் செய்தி வந்தபிறகும் அதிபர் மேடிசன் போரை நிறுத்தவில்லை. அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்வது நிற்க வேண்டும் என்றார். 1814 டிசம்பர் 24இல் கெண்ட் நகரில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையில் அந்த மாலுமிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நெப்போலியன் வீழ்ந்ததும் பிரிட்டனுக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவை குறைந்தது, அவ்வளவுதான்.