குளிர் நாட்டில் பனை வகை மரத்தை வெளியே, தரையில் நட்டு வளர்க்க முடியுமா?

முடியும். என் வீட்டுப் பின்புறத்தில் ஒன்று 11 குளிர்காலங்களைக் கடந்து நிற்கிறது. அதற்கு முன் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். இந்தப் பதிலில் பாதி, செத்துப்போன அந்த மரம் கற்றுக்கொடுத்தது.

குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும், தென்னையோ பனையோ ஏதாவது ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னையை மறந்துவிடுங்கள். உறைபனி ஒருமுறை பட்டாலே அதன் கதை முடிந்தது. தேங்காயோடு தொட்டியில் விற்கும் கன்றை வீட்டுக்குள் வைத்தாலும், காய்க்குள் இருக்கும் சேமிப்புத் தீரும் வரைதான் தளதளவென்று இருக்கும். பிறகு வெளிச்சமும் வெப்பமும் போதாமல் மெல்ல மெல்லப் போய்விடும். நாம் அறிந்த பனைமரமும் வெப்ப மண்டலத்துப் பிள்ளைதான். ஆனால் இவை இரண்டும் சேர்ந்த குடும்பம் மிகப் பெரியது, 2,500 இனங்களுக்கு மேல். அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில, கடும் உறைபனியைத் தாங்கும்.

உங்களுக்கு ஏற்றது டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சுனை என்ற விசிறி ஓலைப் பனை. சீனாவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தது. 1830-இல் சீபோல்டு என்ற ஜெர்மானியத் தாவர ஆய்வாளர் இதன் விதைகளை ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1849-இல் செடி சேகரிப்பாளரான ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கன்றுகளாகவே அனுப்பிவைத்தார். பெயரின் பின்பாதி அவரைக் குறிப்பதுதான். அடிமரத்தைப் பழுப்பு நிற நார் துணிபோலச் சுற்றியிருக்கும். தென்னையின் மட்டை இடுக்கில் பன்னாடை இருக்குமே, அதைப் போன்றதுதான். இந்த மரம் அதை உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டிருக்கிறது. சீனத்து உழவர்கள் அந்த நாரை எடுத்து மழையங்கி செய்து போட்டுக்கொண்டார்கள். அழகுக்காக அதை உரித்து வழவழப்பாக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. குளிர் நாட்டில் அதைச் செய்யாதீர்கள். மரத்தின் ஸ்வெட்டரைக் கழற்றி எறிவதற்கு ஒப்பானது அது.

நன்றாக வேர்விட்ட டிராக்கிகார்ப்பஸ் மைனஸ் 12 வரையிலும், நல்ல இடம் அமைந்தால் மைனஸ் 15 வரையிலும் தாங்கும். அதிலேயே வாக்னரியானஸ் என்றொரு வகை உண்டு. ஓலை சிறியது, விறைப்பானது, காற்றில் கிழிந்து தொங்காது. காற்று வீசும் இடமானால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். என்னிடம் நிற்பதும் அதுதான்.

இதைவிடக் கடுங்குளிரைத் தாங்குவது ஊசிப் பனை, அதாவது ராபிடோஃபில்லம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்காரர். மைனஸ் 20 வரை தாங்கக்கூடியவர். ஆனால் அதற்குக் கோடை நன்றாகச் சுட வேண்டும். கோடையே மந்தமாக இருக்கும் இடத்தில் அது சாகவும் சாகாது, வளரவும் வளராது, புதர்போல உட்கார்ந்திருக்கும். அதே பகுதியின் சாபல் மைனரும் ஏறக்குறைய அப்படித்தான்; தண்டை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு தப்பிக்கும் தந்திரக்காரன். மத்தியதரைக் கடலோரத்துச் சாமரோப்ஸ் மைனஸ் 10 அளவில் திணறத் தொடங்கும். தென்னை ஓலைபோல இறகு ஓலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் பூட்டியாவும் சிலி நாட்டு ஜுபேயாவும் இருக்கின்றன. இரண்டும் மைனஸ் 10 பக்கம் எல்லைக்கோட்டில் நிற்பவை. ஜுபேயாவை நடுபவர் தம் பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு மெதுவாக வளரும்.

ஸ்காட்லாந்தின் பிளாக்டன் கிராமத்தில் கடலோரமாகப் பனைமரங்கள் வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பனையே அல்ல. நியூசிலாந்தின் கார்டிலைன் மரங்கள் அவை. கடைகளில் பனை என்று விற்கும் சைகஸும் பனை அல்ல, பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும். இதைச் சொல்வது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. கார்டிலைனின் மேல்பகுதி உறைந்து செத்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். டிராக்கிகார்ப்பஸுக்கு அந்த வசதி இல்லை.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. மாமரத்தின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் நான்கு கிளைகள் வரும். ஒற்றைத் தண்டாக வளரும் பனைக்கு உச்சியில், ஓலை மட்டைகளுக்கு நடுவே ஒரேயொரு வளர்முனை. அது போனால் மரம் போனது. தண்டில் பட்ட காயத்தைப் புதுப்பட்டை மூடி ஆற்றும் ஏற்பாடும் அதற்குக் கிடையாது. ஆகவே குளிர்காலத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது மரத்தை அல்ல, கைக்குள் அடங்கும் அந்தக் குருத்துப் பகுதியை. ஓலைகள் கருகினால் கருகட்டும், அடுத்த கோடையில் வேறு வரும்.

அந்தக் குருத்துக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். இது தெரியாமல்தான் முதல் மரத்தைக் கொன்றேன்.

வாங்கிய இடத்தில் அட்டையில் மைனஸ் 18 வரை தாங்கும் என்று அச்சடித்திருந்தார்கள். அக்டோபரில் தள்ளுபடி கிடைத்தது என்று வாங்கி, அன்றைக்கே நட்டேன். நவம்பரில் முதல் குளிர் வந்ததும் பயந்துபோய்க் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளால் மரத்தை உச்சி முதல் அடி வரை சுற்றி, மேலே கயிறு கட்டினேன். அந்தக் குளிர்காலத்தின் மிகக் குளிரான இரவே மைனஸ் 8-தான். மார்ச்சில் தாளை அவிழ்த்தபோது ஓலைகள் எல்லாம் பச்சையாக இருந்தன, பெருமையாகக்கூட இருந்தது. நடுவில் மூடிய விசிறிபோல நின்ற குருத்தோலையைச் சும்மா பிடித்துப் பார்த்தேன். வெண்ணெயிலிருந்து கத்தியை உருவியதுபோல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாக, கொழகொழவென்று, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றத்தோடு இருந்தது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். குளிரில் நடப்பது இதற்கு நேர்மாறு. குருத்து செத்துவிடும், கீழே உள்ள கிழட்டு ஓலைகள் எதுவும் தெரியாததுபோல இன்னும் சில மாதங்கள் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றும். ஜூலையில் அவையும் காய்ந்தன.

இப்போது யோசித்தால் அதில் மூன்று தவறுகள். அட்டையில் இருந்த எண்ணை நம்பியது முதலாவது. அப்படிப்பட்ட எண், முதிர்ந்த மரம் வறண்ட காற்றில் ஒரே ஓர் இரவு தாங்கிய குளிராக இருக்கலாம். தொட்டியிலிருந்து இறங்கிய கன்றுக்கு அது பொருந்தாது. எந்த ஊரில் எந்தச் செடி குளிரைத் தாங்கும் என்று காட்டும் குளிர்தாங்கு மண்டல வரைபடங்களிலும் இதே ஓட்டை உண்டு. ஒவ்வோர் ஆண்டிலும் மிகக் குளிரான ஓர் இரவை எடுத்து, பல ஆண்டுகளின் சராசரியை அவை காட்டும்; அந்தக் குளிர் நான்கு மணி நேரம் நீடித்ததா, பகலிலும் பூஜ்யத்துக்கு மேல் ஏறாமல் பத்து நாள் நின்றதா என்று சொல்லாது. மைனஸ் 14 வந்து மறுநாள் உருகிப்போகும் இடம், மைனஸ் 7-லேயே இரண்டு வாரம் உறைந்து கிடக்கும் இடத்தைவிடப் பனைக்கு நல்லது.

இரண்டாவது, இலையுதிர் காலத்தில் நட்டது. பனையின் வேர் சூடான மண்ணில்தான் ஓடும். கடைசி உறைபனி போனதும், வடகோளத்தில் மே அல்லது ஜூனில் நட்டால் குளிர் வருவதற்குள் ஐந்து மாதம் கிடைக்கும். இயன்றவரை பெரிய கன்றாக வாங்குங்கள். கால் முட்டி உயரத்துக்காவது தண்டு திரண்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தண்ணீர் தேங்கும் களிமண்ணானால் குழி தோண்டாமல், சரளையும் மணலும் கலந்து ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். களிமண்ணில் குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்பினால் அது நாமே செய்த கிணறாகிவிடும். தெற்குப் பார்த்த சுவரோரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை; பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும்.

மூன்றாவது அந்தப் பிளாஸ்டிக். வெயில் பட்டால் உள்ளே ஆவி பிடிக்கும், இரவில் அந்த ஈரமே குருத்தில் இறங்கி உறையும், மறுநாள் உருகும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல விருந்து கிடைக்காது.

இப்போது நான் செய்வது குறைவு. டிசம்பர் தொடக்கத்தில் அடியில் காய்ந்த சருகை ஒரு சாண் தடிமனுக்குப் பரப்புகிறேன், தண்டை ஒட்டாமல் சற்று விலக்கி. நான்கு கழிகளை நட்டு, குருத்துக்கு மேலே ஒரு தகட்டைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டுகிறேன். நான்கு பக்கமும் திறந்தே இருக்கும். மழையும் உருகும் பனியும் உள்ளே இறங்காது, காற்று மட்டும் போய்வரும். மைனஸ் 8 வரை இதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்கும் கீழே போகும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் மட்டும், ஓலைகளை மேல்நோக்கிக் கூட்டி லேசாகக் கட்டி, குருத்தைச் சுற்றி மின்விளக்குச் சரத்தை ஓட்டி, செடிகளுக்கென்றே விற்கும் காற்றுப் புகும் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுவேன். விளக்கு பழைய இழைபல்பாக இருக்க வேண்டும். எல்இடி ஒளிதான் தரும், சூடு தராது. மரத்துக்குத் திருவிழாக் கொண்டாடிய புண்ணியம்தான் மிஞ்சும். குளிர் அலை போனதும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவேன். நவம்பரில் பொட்டலம் கட்டி ஏப்ரலில் பிரிக்கும் சோம்பேறித்தனம் பல மரங்களைக் கொன்றிருக்கிறது.

மண் உறைந்துவிட்டால் வேர் தண்ணீர் எடுக்காது. ஓலையோ காற்றில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். குளிரில் கருகியதாக நாம் நினைக்கும் ஓலைகளில் சில உண்மையில் தாகத்தில் காய்ந்தவை. வறண்ட இலையுதிர் காலமானால் மண் உறையும் முன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். உரத்தை ஆகஸ்ட்டோடு நிறுத்துங்கள். குளிருக்கு முன் இளசாக வரும் வளர்ச்சிதான் முதலில் அடிவாங்கும். தொட்டியில் வைத்திருந்தால் கணக்கே வேறு. நாலாபுறமும் குளிர் தாக்கி வேர்க்கட்டியே உறைந்துவிடும் என்பதால், மைனஸ் 5-ஐ நெருங்கும்போதே வெளிச்சமுள்ள, சூடேற்றாத அறைக்கு மாற்றுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது வெற்றிகரமாக வளர்ந்தால் சில இடங்களில் அதுவே சிக்கல். சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பகுதியில் தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் தின்று காட்டில் விதைபோட, டிராக்கிகார்ப்பஸ் அங்கே காட்டுமரமாகவே பெருகிவிட்டது. 2024 செப்டம்பர் முதல் அந்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பனையைப் போலவே இதிலும் ஆண், பெண் தனித்தனி மரம். பெண்ணாக இருந்தால் பாளையைக் காய்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுவது நல்லது.

இத்தனை செய்தும் குருத்து கையோடு வந்துவிட்டால்? என் இரண்டாவது மரத்துக்கு மூன்றாம் குளிர்காலத்தில் அது நடந்தது. இந்த முறை அவசரப்பட்டுப் பிடுங்கவில்லை. அழுகிய பகுதியைப் பஞ்சால் துடைத்து எடுத்து, குழியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினேன். நுரை பொங்கி அடங்கியதும் தலைகீழாகக் கவிழ்க்க முடியாத மரமாயிற்றே என்று துணித் திரியை விட்டு ஈரத்தை உறிஞ்சினேன். காய்ந்த பிறகு செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை ஒருமுறை விட்டு, கூரையை மறுபடி கட்டினேன். பிறகு காத்திருப்பதுதான் வேலை. வளர்முனை அழுகலுக்குக் கீழே இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா என்று கோடை வரை தெரியாது.

ஏப்ரல் முழுக்க ஒன்றுமில்லை. மே மாத நடுவில் குழியின் அடியில் வெளிர் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. செத்த ஓலையின் மிச்சமா, உயிருள்ளதா என்று புரியவில்லை. அழியாத மையுள்ள பேனாவால் அதன்மேலும் பக்கத்து மட்டையின்மேலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாக இழுத்தேன். வளர்ந்தால் கோடு உடையும் என்பது கணக்கு. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன்; கோடு அப்படியே இருக்கும். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு ஜூன் 9-ஆம் தேதி திரும்பினேன். குருத்தின் மேலிருந்த பாதிக் கோடு, மட்டையின் கோட்டைவிட இரண்டு விரற்கடை மேலே நின்றது. முதலில் வந்த ஓலை பாதியாக, நுனி வெட்டுப்பட்டதுபோல் அசிங்கமாகத்தான் விரிந்தது. இரண்டாவதும் அப்படியே. நான்காவது ஓலை முழு விசிறி.